நீர்த்துப்போன கஞ்சி

உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் சொந்தப் பல் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. எனக்கு மேல்வரிசை கழற்றி மாட்டுகிற பல்தான். கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடும்போது உங்களில் சிலருடைய பல்செட்டும் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எச்சில் பற்றி எழுதுகிறேன், முகம் சுளிக்காதீர்கள் என்று கேட்கமாட்டேன். சுளியுங்கள். நானும் சுளித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த மழைக்காலத்தை நினைத்தால் நாக்கின் அடியில் தண்ணீர் ஊறி, குமட்டலுக்கு முன் வருமே ஒரு புளிப்பு, அது வந்துவிடுகிறது.

அப்போது நான் எட்டாவது படித்தேன். விவேக் நகரில் கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. ஆறு வீடு கொண்ட வரிசையில் மூன்றாவது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு முழம் அகலத்தில் சாக்கடை. அப்பா மெஷின் பாக்டரியில் ஷிப்டு வேலை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, பஸ் கண்டக்டர்.

கண்டக்டர் என்றால் உங்களுக்கு அந்தக் காலத்து ஆள் கண்ணுக்கு வரவேண்டும். தோல் பை, உதட்டில் விசில், ஒரு கையில் கலர் கலராக டிக்கெட் அடுக்கின மரச்சட்டம். பெருவிரலை நாக்கில் ஒரு தேய், டிக்கெட்டில் ஒரு தள்ளு, சர்ரென்று கிழித்து நீட்டுவார். மஞ்சள் டிக்கெட்டின் ஓரத்தில் அவர் விரல் அளவுக்கு ஈரம் படிந்திருக்கும். அதிலும் லேசான செம்மை, புகையிலை. நான் டிக்கெட்டை நுனியில் பிடித்துப் பாவாடையில் துடைப்பேன். அவர் அதைக் கவனித்துவிட்டுச் சிரிப்பார்.

“எச்சி இல்லாம கண்டக்டர் வேல ஓடாது பாப்பா.”

அந்தப் புகையிலைதான் கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகி, ஆறாமல், பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது. கத்தி வைக்கவில்லை. கரண்டு வைத்தார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒன்றரை மாதம் தினம் போய்த் தாடையிலும் கழுத்திலும் வாங்கிக்கொண்டார். அது முடிந்தபோது மழை ஆரம்பித்திருந்தது. சித்தி தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அப்பா போய் இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. முன்னறையில் ஒரு பூப்போட்ட திரை கட்டி, அதற்குப் பின்னால் கட்டில் போட்டோம்.

கழுத்துத் தோல் அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி கறுத்திருந்தது. ஆனால் என்னை அருவருக்கச் செய்தது வாய். பீடத்தில் பூச்சாடித் தண்ணீரை ஒரு வாரம் மாற்றாமல் விட்டால் ஒரு வாடை வருமே, அது அவர் பேசும்போதெல்லாம் வந்தது. எச்சில் ஊறுவது நின்று, அதற்குப் பதிலாகக் கோந்து மாதிரி ஏதோ ஒன்று உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே நூல் நூலாக நின்றது. துப்பினால் விழாது. இரண்டு விரலை விட்டு இழுத்து எடுத்து, கிழிந்த வேட்டித் துண்டில் துடைப்பார். அந்தத் துண்டுகளைச் சித்தி துவைத்துப் பின்கொடியில் என் யூனிபார்முக்குப் பக்கத்தில் காயப்போடுவாள். நான் ஸ்கூலிலிருந்து வந்ததும் என் சட்டையைத் தள்ளிப் போடுவேன். அடுத்த நாள் இடமில்லாமல் மறுபடி பக்கத்தில் வந்திருக்கும்.

சாப்பாடுதான் பெரிய பாடாக இருந்தது. அம்மா சோற்றைக் குழைய வடித்து, ரசம் ஊற்றிப் பிசைந்து, தட்டில் வைப்பாள். சித்தப்பா ஒரு வாய் எடுப்பார். மெல்லுவார், உருட்டுவார், இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளுவார். பிறகு தலையைக் குனிந்து விரலால் அதை வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார். போனபடியே வந்திருக்கும், காய்ந்த சுண்ணாம்பு மாதிரி, பல் தடம் மட்டும் பட்டு. நான் எதிரில் உட்கார்ந்து என் சோற்றைப் பார்ப்பேன். அதுவும் அதே சோறு.

“பஞ்சு மாதிரி இருக்கு அண்ணி,” என்றார் ஒரு நாள்.

அம்மா அதைத் தன் சமையலுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். சமையல்கட்டில் வந்து என்னிடம் முணுமுணுத்தாள். “பஞ்சாமே. கொழைய கொழைய வடிச்சிப் போடறேன், பஞ்சாமே. கட்டினவ கையால சாப்ட்டாதான் எறங்கும் போலருக்கு.”

அப்பாவுக்கு வேறு சந்தேகம். புகையிலையை ரகசியமாகத் தொடுகிறார், அதனால்தான் வாய் வேகிறது என்று. சித்தப்பா குளிக்கப் போன நேரத்தில் தலையணைக்கு அடியில் தேடினார், சட்டைப் பையை உதறினார், ஒரு நாள் என் கண்ணெதிரே தம்பியின் விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். நாற்பது வயது ஆள் பள்ளிப் பையன் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

கரண்டு, புண்ணோடு சேர்த்து எச்சில் ஊறுகிற இடத்தையும் காயவைத்துவிடும் என்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது ஒன்றுதான். சத்தாகக் கொடுங்கள், கெட்டியாகக் கொடுங்கள், அடுத்த தடவை வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டி வரும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் குழாயோடே செத்ததைச் சித்தப்பா பார்த்திருந்தார். குழாய் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அம்மா அரிசிமாவும் பாலும் சேர்த்துக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தாள். டாக்டர் சொன்ன மாதிரி கெட்டியாக. ஸ்பூனை நட்டால் நிற்கும். அது சித்தப்பாவின் நாக்கில் போஸ்டர் ஒட்டுகிற பசையாக அப்பிக்கொண்டது. தண்ணீர் விட்டு இளக்கினால் ஒரு டம்ளர் கஞ்சி மூன்று டம்ளராகும். இரண்டாவதிலேயே வாந்தி. “சாக்கு அண்ணி, சாக்கு,” என்பார். எங்கள் கன்னட ஊர் பஸ்ஸில் பழகிய வாய், போதும் என்பதுகூட அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு, ஒரு வாரத்தில், டம்ளர்கள் காலியாகத் திரும்ப ஆரம்பித்தன.

சித்தி கஞ்சியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவாள். “நாலு பேரு பாக்க சாப்புட அவருக்குக் கூச்சமா இருக்குக்கா,” என்றாள். அரை மணியில் டம்ளர் காலி. அம்மாவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்தில் வைத்த வேண்டுதல் கேட்கப்பட்டது என்று வரிசை வீடு ஆறிலும் சொன்னாள். சித்தப்பாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை கூடியது. கட்டிலை விட்டு எழுந்து வாசல்வரை வந்து, தெருவில் போகிற பஸ் எந்த ரூட் என்று சத்தத்தை வைத்தே சொன்னார்.

அந்த வாரம்தான் ஸ்கூலில் ஜீரணப் பாடம். சயின்ஸ் டீச்சர் கன்னடக்காரம்மா. எங்களுக்குப் புரியவேண்டுமென்று தமிழும் கலந்துதான் நடத்துவார். எல்லாரும் ஒரு பிடி வெறும் சோறு கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

“விழுங்கக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் மென்னுட்டே இருக்கணும்.”

நாற்பது பெண்கள் சேர்ந்து வெறும் சோற்றை மெல்லுகிற சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். மழைச் சேற்றில் மாடு நடப்பது போல இருந்தது. சோறு கூழாகி, கூழ் தண்ணீராகி, கொஞ்ச நேரத்தில் ஒரு மட்டமான இனிப்பு வந்தது. பின்பெஞ்சில் ஒருத்தி கைக்குட்டையில் துப்பிவிட்டாள்.

“ஸ்வீட்டா இருக்கா? சர்க்கரை யாரும் போடலை. உங்க எச்சில்தான் மாவை உடைச்சு சர்க்கரையா மாத்துது. ஜீரணம் வயித்துல ஆரம்பிக்கறதில்ல, வாயிலயே ஆரம்பிக்குது.”

அடுத்து இரண்டு டெஸ்ட் டியூபில் கஞ்சி. ஒன்றில் யாராவது எச்சில் துப்பவேண்டும். யாரும் வரவில்லை. டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பித் தானே துப்பி, அந்த டியூபை உள்ளங்கையில் பொத்திச் சூடாக வைத்துக்கொண்டு வேறு பாடம் நடத்தினார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டிலும் அயோடின் விட்டார். எச்சில் படாத கஞ்சி மசி மாதிரி கருநீலமானது. மற்றது நீலமே ஆகவில்லை, டீத்தண்ணி நிறத்தில் நின்றது. அவர் அதைச் சாய்த்துக் காட்டினார். பசையாக இருந்த கஞ்சி தண்ணீர் மாதிரி ஓடியது.

அந்த ஓட்டத்தை நான் முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். சித்தப்பாவின் டம்ளரைக் கழுவ எடுத்துப் போனபோது அடியில் மிச்சமிருந்தது அப்படித்தான் ஓடியது. அம்மா காய்ச்சினது கெட்டி. அவர் குடித்தது நீர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் சத்தமில்லாமல் வந்து திரையின் ஓரத்தை ஒரு விரல் விலக்கினேன். சித்தி கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கஞ்சி டம்ளர். ஒரு ஸ்பூன் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். விழுங்கவில்லை. கன்னம் உப்ப வைத்திருந்து, திருஇருதயப் படத்தைப் பார்த்தபடி மெதுவாகக் கொப்பளிப்பது போல அசைத்தாள். பிறகு குனிந்து டம்ளருக்குள்ளேயே விட்டாள். வாயிலிருந்து டம்ளர்வரை ஒரு இழை தொங்கியது. அதை விரலால் அறுத்தாள். மறுபடி ஒரு ஸ்பூன், மறுபடி ஒன்று. கலக்கினாள், தட்டு போட்டு மூடினாள், ஜெபமாலையை எடுத்துப் பத்து மணி உருட்டி முடித்தாள். தட்டைத் திறந்து, தண்ணீராகிப் போனதைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

அது என் டம்ளர். ஞானஸ்நானத்துக்கு வந்தது, விளிம்பில் என் பேர் வெட்டினது. காலையில் நான் பால் குடிப்பது அதில்.

பின்பக்கம் ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தியெடுத்தேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் அந்த இழை கண்ணில் தொங்கியது. மூன்றாம் நாள் அம்மா தட்டைத் தட்டினாள். “இன்னாடி, உனக்கும் பஞ்சா இருக்கா?”

சொல்லிவிட்டேன்.

அம்மா நம்பவில்லை. “ச்சீ, வாயக் கழுவு. எந்தப் பொம்பளயாவது அப்புடிப் பண்ணுவாளா?”

இதற்கு மேல்தான் என்னைப் பற்றி நான் சொல்ல வெட்கப்படுவது. எனக்குக் கோபம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வழி தெரியும் என்ற பெருமையும் வந்தது. பாக்டரியிலிருந்து அப்பா கொண்டுவந்த டிஞ்சர் அயோடின் பாட்டில் அலமாரியில் இருந்தது. சித்தி கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போன நேரம், சித்தப்பா கண்ணயர்ந்திருக்க, மூடி வைத்திருந்த டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் ஒரு சாஸரில், அடுப்புச் சட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் இன்னொரு சாஸரில். இரண்டிலும் இரண்டு சொட்டு. சட்டிக் கஞ்சி கருநீலம். டம்ளர்க் கஞ்சி லேசாகச் சிவந்து, அப்படியே பழுப்பாக நின்றது.

“பாரும்மா. இது எச்சி. ஸ்கூல்ல காட்டினாங்க.”

அம்மா இரண்டு சாஸரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையை விலக்கி உள்ளே போய், முந்தானை நுனியால் டம்ளரைப் பிடித்து எடுத்து வந்து, கஞ்சியோடு சாக்கடையில் வீசினாள். அந்தச் சத்தத்துக்குச் சித்தி துணியோடு ஓடி வந்தாள். சாஸரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

“சூடு பாக்கறதுக்கு ஒரு நாளு வாய் வச்சேன்கா,” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “அதே ஸ்பூனப் போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல கஞ்சி நீத்துப் போச்சு. அத மட்டுந்தான் அவரு முழுங்கினாரு. வேற எதுவும் எறங்கலக்கா.”

“அதுக்காவ? துப்பிக் குடுப்பியா? என் வூட்டுல, என் புள்ள டம்ளர்ல?”

“டம்ளர் மாறிப் போச்சுக்கா. தப்புதான்.”

“அந்த நோவு உனக்கு ஒட்டிக்கும், அப்புறம் இந்தப் புள்ளைக்கு ஒட்டிக்கும். இன்னா நெனச்சிட்டிருக்க?”

திரைக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவின் அறுந்த குரல் வந்தது. “அண்ணி. பாத்திரத்தத் தனியா வச்சிக்கறோம் அண்ணி.”

“பாத்திரம் இல்ல தம்பி விஷயம்,” என்றாள் அம்மா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். அதையும் சொல்லவேண்டும். அவள் கெட்டவள் இல்லை. வேண்டுதல் பலித்தது என்று ஊரெல்லாம் சொன்னவள். அது எச்சிலாகப் போனதைத் தாங்க முடியவில்லை.

ஷிப்டு முடிந்து வந்த அப்பா இரண்டு வாக்கியத்தில் தீர்த்தார். “இந்த வூட்டுல இது நடக்கக்கூடாது. இனிமே அண்ணிதான் ஊட்டணும்.”

நான்கு நாள் அம்மா தன் கையால் ஊட்டினாள். பொறுமையாகத்தான் ஊட்டினாள். சித்தப்பாவும் மறுக்கவில்லை, அண்ணி கை என்று வாயைத் திறந்தார். கஞ்சி நாக்கில் அப்பியது, தண்ணீர் விட்டுத் தள்ளப் பார்த்தார், புரையேறி மூக்கு வழியாக வெள்ளையாக வந்தது. அம்மா துடைத்துவிட்டு மறுபடி ஸ்பூனை நீட்டினாள். சித்தி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கையை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு. வாய் மட்டும் அசைந்தது. ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவர் மெல்லும்போதெல்லாம் அவளும் மென்றுகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை சித்தியின் அண்ணன் அத்திபெலேயிலிருந்து வந்தார். சித்தி எப்போது ஆள் அனுப்பினாளோ தெரியாது. டிரங்குப் பெட்டி, தோல் பை, துவைத்த வேட்டித் துண்டுகள். சித்தப்பாவை மச்சான் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். அப்பா வாசலில் நின்று, “ஆஸ்பத்திரித் தேதிய வுட்றாத,” என்று மட்டும் சொன்னார். சித்தி என்னைத் தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பினாள்.

“நல்லா படி கண்ணு.”

குத்திக் காட்டினாளா, நிஜமாகத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்களை விட்டுப் போனதால் சித்தப்பா பிழைத்தார். அப்படித்தான் நான் நினைக்கிறேன், அம்மா கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. குழாய் போடவேண்டி வரவில்லை. வருஷம் போகப் போகக் கொஞ்சம் எச்சில் திரும்ப ஊறியது. பஸ்ஸில் ஏற முடியாவிட்டாலும் டிப்போவில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் மட்டும் உட்காராமல் போனார்.

ஆனால் அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, எங்களை அத்திபெலேக்குக் கூட்டிப் போனார். நெடுஞ்சாலையை ஒட்டின வீடு. லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தாடை நிறைந்து, கையில் தண்ணீர் பாட்டிலோடு. என்னைப் பார்த்து, “வா பாப்பா,” என்றார். அம்மா கேக் பொட்டலத்தை நீட்டினாள். இரண்டு பக்கமும் பழசைப் பேசவில்லை.

சித்தி எல்லாருக்கும் டம்ளரில் ஏதோ கொண்டுவந்தாள். பழுப்பு நிறக் கஞ்சி. என் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீராக ஓடியது. முகத்தை மறைக்கத் தெரியாத வயசு.

சித்தி பார்த்துவிட்டாள். என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னாள்.

“அது ராகி கண்ணு. மொளகட்டிக் காயவச்சி அரைக்கிறது. ஆஸ்பத்திரில ஒரு நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. எந்தக் கஞ்சில அந்த மாவு ஒரு ஸ்பூன் போட்டாலும் தானா எளகிடும். எச்சி செய்யற வேலைய அதுவே செய்யுமாம்.” என் டம்ளரைக் கண்ணால் காட்டினாள். “நான் வாய் வைக்கல.”

பக்கத்தில் அம்மா தன் டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் குடித்தார். நான் தலையாட்டினேன். புரிந்தது. பாடம் படித்தவள் ஆயிற்றே, அந்தக் கூட்டத்தில் எனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்தது. ஆனாலும் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. லாரி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய், சுவரோரம் மண்ணில் ஊற்றிவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

காலி டம்ளரைச் சித்தி வாங்கிக்கொண்டாள்.

“நல்லா இருந்துதா?”

“நல்லா இருந்துது சித்தி.”

அவள் என் உதட்டைப் பார்த்தாள். அதில் ஈரமே இல்லை.

“சரி கண்ணு,” என்றாள்.